புதுக்குடித்தனமும் மூன்று தண்ணீரும்: செட்டிநாட்டில் கீசர், வாஷிங் மெஷினைக் காப்பாற்றும் வழி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு பார்த்துப் பால் காய்ச்சிய கையோடு எல்லாரும் கேட்பது, "இங்க தண்ணி எப்படி?" என்பதுதான். அக்கம்பக்கத்தில் வரும் பதில் இரண்டே வகை. நல்ல தண்ணி, இல்லாவிட்டால் உப்புத் தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் அந்தப் பிரிவினை போதும். கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது போதாது. நாக்கில் உப்பே கரிக்காத தண்ணீர்கூடக் கீசருக்குள் கல்லாக இறுகும்.

நான் குடிவந்த முதல் வருடம் இது தெரியவில்லை. பதினைந்து லிட்டர் கீசரைப் போர் (ஆழ்குழாய்க் கிணற்று) தண்ணீரில் இணைத்தேன். பதினோராவது மாதம், உள்ளே தண்ணீரைச் சுடவைக்கும் காயில் (கம்பிச்சுருள்) போய்விட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணன் அடிமூடியைக் கழற்றிக் காயிலை இழுத்தபோது அது வரவில்லை. ஆட்டி ஆட்டித்தான் வெளியே எடுத்தார். காயில் வளைவுகளுக்கு இடையே இருந்த சந்தெல்லாம் அடைபட்டு, வெள்ளையும் பழுப்புமாக ஒரே கட்டியாக இருந்தது. தொட்டியின் அடியில் கைவிட்டு இரண்டு கை நிறையச் சில்லுகளை அள்ளி வாளியில் போட்டார். ஓட்டாஞ்சில்லு விழுவதுபோலச் சத்தம் கேட்டது. அதில் ஒன்றை எடுத்து எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டுப் பார்த்தேன். நுரைத்துக்கொண்டு கரைந்தது. சுண்ணாம்பு.

இந்த ஊர்ப் பழைய வீடுகளின் சுவரில் கண்ணாடிபோல மின்னும் சுண்ணாம்புப் பூச்சும், கீசருக்குள் இருந்த அந்தக் கட்டியும் வேதியியல்படி ஒரே சரக்கு, கால்சியம் கார்பனேட். நிலத்தடி நீர் பாறையிலும் மண்ணிலும் ஊறி வரும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். குளிர்ந்த நீரில் பைகார்பனேட்டாகக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சூடேறினால் கரியமில வாயு பிரிந்துபோய், மிச்சம் கார்பனேட்டாகப் படியும். சர்க்கரை போன்றவை சூடான நீரில் அதிகம் கரையும், இது நேர்மாறு. அதனால்தான் வீட்டிலேயே மிகச் சூடான இடத்தில், அதாவது காயிலின் மேலேயே, முதலில் உட்காருகிறது.

ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் ஒரு நாளைக்கு 60 லிட்டர் கீசர் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 18 கிராம். வருடத்துக்கு ஆறரைக் கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு தங்கினாலே அரைக் கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு உள்ளே சேர்ந்துவிடும்.

முதல் வேலை: வீட்டுக்கு எத்தனை தண்ணீர் வருகிறது என்று எண்ணுங்கள்

"செட்டிநாட்டுத் தண்ணீர்" என்று ஒன்று கிடையாது. சிவகங்கை மாவட்டத்தின் மேற்குப் பகுதி கெட்டிப்பாறை. கிழக்கே மணற்பாறையும் செம்புறையும். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்தது. அதே ஊரில் ஒரு வீட்டுப் போரில் வருவது வேறாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் போரும் உங்கள் போரும்கூட ஆழத்தைப் பொறுத்து மாறும். ஆகவே ஊரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், உங்கள் குழாயைப் பாருங்கள்.

பெரும்பாலான வீடுகளில் மூன்று வரவு இருக்கும். ஒன்று, மாநகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சிக் குழாய். சில இடங்களில் இது உள்ளூர் ஊற்று அல்லது ஆழ்குழாய்க் கிணற்று நீர், சில இடங்களில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரி நீர், சில இடங்களில் இரண்டும் கலந்தது. இரண்டு, வீட்டுப் போர் அல்லது கிணறு. மூன்று, கேன் அல்லது லாரித் தண்ணீர். மழை பெய்யும் மாதங்களில் நான்காவதாக ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு தாளில் வீட்டுக் குழாய்களையெல்லாம் எழுதி, எதில் எது வருகிறது என்று குறியுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமே கேட்டுவிடலாம். தெரியாவிட்டால், மாடித் தொட்டிக்கு வரும் ஒரு வரவை மூடிவிட்டு எந்தக் குழாய் நிற்கிறது என்று பார்த்தால் போதும். அரைமணி நேர வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் ஒரு தண்ணீரைச் சோதித்துவிட்டு இன்னொன்றுக்கு மருந்து பார்த்ததாகிவிடும். பல வீடுகளில் போரும் ஊர்க்குழாயும் ஒரே தொட்டியில் கொட்டுகின்றன. அப்படி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டிய முதல் இடம் அதுதான்.

இரண்டாவது வேலை: அளந்து பாருங்கள்

இங்கே பழைய அளவுகோல் அடுப்படியில் இருக்கிறது. நாங்கள் குடிவந்த வாரம் எதிர்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, போர் தண்ணியிலயா உலை வச்சீங்க? அதுல பருப்பு வேகாதுப்பா" என்றார்கள். குக்கரில் ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு உடையாமல் நின்றது உண்மை. நீரில் உள்ள கால்சியம் பருப்பின் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. ஆச்சி சொன்னது நல்ல வேதியியல்.

அடுத்தது சோப்புச் சோதனை. இங்கே ஒரு எச்சரிக்கை: பாத்திரம் கழுவும் திரவத்தால் இதைச் செய்யாதீர்கள். அது டிடர்ஜென்ட், கடின நீரிலும் ஓரளவு நுரைத்து ஏமாற்றும். சாதாரணக் குளியல் சோப்பைக் கொஞ்சம் சுரண்டி, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுள்ள பாட்டில்களில் போர் தண்ணீர், ஊர்க்குழாய்த் தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர் என்று கால் பாகம் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, ஒரே அளவு நேரம் குலுக்குங்கள். டிஸ்டில்டு வாட்டரில் நுரை கழுத்துவரை ஏறி நிற்கும். கடின நீரில் நுரை எழாமல் பால்போலக் கலங்கி, தயிர்த்திரி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். குளியலறை பக்கெட்டின் உட்புறத்தில் விரலால் வழித்தால் வருவதும் இந்தத் துணுக்குதான்.

இது ஒப்பிட உதவும், எண் தராது. எண் வேண்டுமென்றால் இரண்டு வழி. கடினத்தன்மை பார்க்கும் சொட்டுக் கிட் வாங்கலாம். தண்ணீரில் குறியீட்டுப் பொடி போட்டால் ஒயின் சிவப்பாகும், அதில் சொட்டு சொட்டாக மருந்து விட, நீலமாக மாறும் இடத்தில் நிறுத்தி, சொட்டுகளை எண்ணிப் பெருக்க வேண்டும். இன்னொரு வழி, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுப்பது. புதிதாக வந்தவர்களுக்கு ஒருமுறையாவது ஆய்வகத்தையே சொல்வேன். கடினத்தன்மையோடு ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, பி.எச். (அமிலத்தன்மை அளவு) எல்லாம் ஒரே அறிக்கையில் வந்துவிடும். குடிக்கலாமா என்ற கேள்விக்கும் அங்கேதான் பதில் இருக்கிறது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டியிலிருந்து எடுக்காமல் போர்க் குழாயிலேயே சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோங்கள்.

டிடிஎஸ் மீட்டரை நம்பிக் கடினத்தன்மையை முடிவு செய்யாதீர்கள். நான் பார்த்தவரை புதிதாக வருபவர்கள் விழும் பெரிய பள்ளம் இது. பேனா மாதிரி ஒரு கருவியை டம்ளரில் விட்டு, "எழுநூறு காட்டுது சார்" என்று சொல்லி எதையாவது விற்றுவிடுவார்கள். அது கரைந்த எல்லா உப்புகளையும் மொத்தமாகத் தோராயமாகக் காட்டுவது. எழுநூறில் பெரும்பகுதி சமையல் உப்பாக இருந்தால் காயிலில் படிவு குறைவு. பெரும்பகுதி கால்சியம் என்றால் காயில் போச்சு. இரண்டுக்கும் மீட்டரில் ஒரே எண்தான்.

அறிக்கையில் "மொத்தக் கடினத்தன்மை" என்ற வரியைத் தேடுங்கள். கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு மில்லிகிராமில் இருக்கும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, குடிநீருக்கு 200 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. அது குடிப்பதற்கான எல்லை. பொதுவான வகைப்பாட்டில் 60 வரை மென்னீர், 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். அதாவது குடிநீராகத் தேறிய தண்ணீரே கீசருக்குக் கடினமாக இருக்கலாம். என் கணக்கு எளிது. 120க்குக் கீழே என்றால் கீழே சொல்லும் பராமரிப்பு மட்டும் போதும். 120 முதல் 250 வரை தண்ணீரைப் பிரிப்பது நல்லது. அதற்கு மேல் பிரிக்காமல் கீசர் வாங்குவதே வீண் செலவு.

உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: கடினத்தன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நல எல்லை எதுவும் வைக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவைதான்.

அறிக்கையில் பி.எச். 6.5க்குக் கீழே இருந்து கடினத்தன்மையும் மிகக் குறைவாக இருந்தால், உங்கள் சிக்கல் படிவு அல்ல, அரிப்பு. இரும்புக் குழாயும் கீசர் தொட்டியும் அதில் அரிக்கும். அதேபோல வெள்ளைக் கறைக்குப் பதில் செங்காவியாகக் கறை பிடித்தால் அது இரும்பு. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு, கீழே சொல்வது பொருந்தாது.

மூன்றாவது வேலை: எந்தத் தண்ணீர் எதற்கு என்று பிரியுங்கள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். இந்த ஊர்க்காரர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் இதைச் செய்துவந்தார்கள். ஊருணித் தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும், கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும். ஊருணியில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். முற்றத்தில் அண்டா அண்டாவாக மழைநீர் பிடித்து வைத்தார்கள். எல்லாத் தண்ணீரையும் நல்ல தண்ணீராக்க அவர்கள் முயலவில்லை, வேலைக்கு ஏற்ற தண்ணீரைப் பிரித்துக்கொண்டார்கள். நாம் செய்ய வேண்டியது அதையே பிளம்பரை வைத்துச் செய்வது.

நான்கு பேர் உள்ள வீட்டில் கீசருக்கு 60 லிட்டர், சமையலறைக்கு 40, வாஷிங் மெஷினுக்கு 50 முதல் 100 என்று வைத்தால், மென்மையான தண்ணீர் நாளுக்கு 150 முதல் 200 லிட்டர்தான் தேவை. கழிப்பறை, தோட்டம், வாசல் தெளிப்பது, வண்டி கழுவுவது எல்லாம் போர் தண்ணீரில் நடக்கட்டும். ஆகவே மாடியில் 500 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, ஊர்க்குழாய்த் தண்ணீரை அதில் மட்டும் ஏற்றுங்கள். குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாலும் தாங்கும். அதிலிருந்து தனி லைன் எடுத்து கீசர், வாஷிங் மெஷின், சமையலறை ஆகிய மூன்றுக்கு மட்டும் கொடுங்கள். இந்த வேலைக்கு முன்பு, ஊர்க்குழாய்த் தண்ணீரையும் அளந்து, அது உண்மையிலேயே மென்மையானதா என்று பார்த்திருக்க வேண்டும். சில ஊர்களில் ஊராட்சிக் குழாயில் வருவதும் போர் தண்ணீரே.

பிளம்பரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். இரண்டு தொட்டியும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். கீசருக்குள் போகும் லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கட்டும். சுடுதண்ணீர் ஒரு தொட்டி, பச்சைத் தண்ணீர் இன்னொரு தொட்டி என்று இருக்கும்போது, மிக்ஸர் குழாயில் அழுத்தம் அதிகமான பக்கம் மற்றதைத் தள்ளும். இரண்டு லைனையும் எங்கேயும் வால்வு வைத்து இணைக்காதீர்கள். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று ஒரு இணைப்பு வைப்பார்கள், ஒருநாள் திறந்தது அப்படியே கிடக்கும்.

வாடகை வீட்டில் குழாயை உடைக்க முடியாதே என்பவர்களுக்கு: கீசரைப் பக்கெட் குளியலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரைப் பக்கெட் வெந்நீரோடு போர் தண்ணீரை விளாவிக்கொண்டால் சூடேறும் தண்ணீர் பாதியாகக் குறையும், படிவும் பாதியாகக் குறையும்.

கீசர்

வாங்கும்போதே கொஞ்சம் யோசித்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் கடின நீருக்கு ஆகாது. சின்னத் தொட்டியில் காயில் மிகுந்த சூட்டில் வேலை செய்யும், சீக்கிரம் மூடிக்கொள்ளும். 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் வாங்குங்கள். காயில் கண்ணாடிப் பூச்சோ இன்கோலாய் உலோகமோ என்று கேளுங்கள். கழற்றித் துப்புரவு செய்ய இடம் விட்டு மாட்டச் சொல்லுங்கள். பரணுக்குள் செருகிவிட்டால் பிறகு யாரும் தொடமாட்டார்கள்.

தெர்மோஸ்டாட்டை 50 முதல் 55 டிகிரிக்குள் வையுங்கள். அறுபதைத் தாண்டினால் படிவு வேகமெடுக்கும். செலவே இல்லாத மருந்து இது ஒன்றுதான், ஆனால் பல வீடுகளில் கடைக்காரர் வைத்த 70லேயே கிடக்கிறது.

கீசர் பேசும், காதைக் கொடுங்கள். சூடேறும்போது பொரி பொரிவதுபோலப் படபடவென்று சத்தம் வந்தால், படிவுக்கு அடியில் சிக்கிய நீர் ஆவியாகி வெடிக்கிறது என்று அர்த்தம். முன்பு பத்து நிமிடத்தில் சூடானது இருபது நிமிடம் எடுக்கிறது என்றால் அதே காரணம். காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் சுண்ணாம்புப் போர்வைக்குள் தங்கி, காயிலே கருகும்.

சர்வீஸ் வருடத்துக்கு ஒருமுறை, கடினத்தன்மை 300க்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தெரிந்த ஆளை வைத்தே செய்யுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் மின்பெட்டியில் உள்ள எம்.சி.பி. சுவிட்சை இறக்க வேண்டும், கீசர் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. தண்ணீர் ஆறவிட்டு, உள்வரும் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அடிமூடியைக் கழற்றிக் காயிலை எடுத்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, மின் இணைப்பு முனை நனையாமல் காயில் பகுதியை மட்டும் நுரை அடங்கும்வரை ஊறவிட வேண்டும். ஸ்குரூடிரைவரால் சுரண்டினால் மேல்பூச்சு போய்விடும், அப்படிச் சுரண்டவிடாதீர்கள். தொட்டியின் அடியில் உள்ள சில்லுகளைக் கையால் அள்ளி, இரண்டு முறை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மூடும்போது புது கேஸ்கெட்.

இந்தச் சமயத்தில் அனோட் ராடைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, தன்னைக் கரைத்துக்கொள்ளும் மக்னீசியக் கம்பி அது. நடுக் கம்பி வெளியே தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். கேட்காவிட்டால் பல சர்வீஸ்களில் அதை யாரும் தொடுவதில்லை. எனக்கு முதல் இரண்டு முறையும் அப்படித்தான் நடந்தது. மூன்றாம் முறை பார்த்தபோது ஒரு நூல் கம்பிதான் மிச்சம் இருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பாதுகாப்பு வால்வு. உள்ளே அழுத்தம் கூடும்போது தண்ணீரைச் சொட்டாக வெளியேற்றுவது அது. சுண்ணாம்பு அடைத்து அது இறுகிவிட்டால் தொட்டி வெடிக்கும் ஆபத்து உண்டு. சர்வீஸின்போது அதன் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொட்டுகிறது என்று மூடியோ டேப்போ போட்டு அடைத்துவிடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு சங்கதி. பல வீடுகள் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறந்து, மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். கிளம்பும்போது கீசரின் எம்.சி.பி.யை இறக்கி, தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் தடையில்லாமல் வந்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். வெறும் தொட்டியில் போட்டால் காயில் அந்த நிமிடமே முடிந்தது.

வாஷிங் மெஷின்

கடின நீரில் டிடர்ஜென்டின் ஒரு பகுதி கால்சியத்தோடு மல்லுக்கட்டியே வீணாகும். துணி மொடமொடவென்று ஆகும், வேட்டி மங்கும், துண்டு தண்ணீரை உறிஞ்சாது. சோப்புக் கட்டியைச் சீவிப் போடாதீர்கள். சோப்பும் கால்சியமும் சேர்ந்த அந்த வெள்ளைத் துணுக்கு டிரம்முக்குப் பின்னால் களிபோலச் சேரும். பவுடரைவிடத் திரவ டிடர்ஜென்ட் மிச்சமில்லாமல் அலசிப்போகும்.

ஹீட்டர் உள்ள ஃபிரண்ட்லோடு என்றால் தினமும் 60 டிகிரியில் ஓட்டாதீர்கள். சாதாரண அழுக்குக்குப் பச்சைத் தண்ணீரோ 30, 40 டிகிரியோ போதும். மாதம் ஒருமுறை, அல்லது தண்ணீர் மென்மையாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, துணி இல்லாமல் 100 கிராம் எலுமிச்சை உப்பை டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஒரு சுற்று, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு சுற்று. உங்கள் மெஷினின் கையேடு வேறு பொருள் சொன்னால் அதன்படி செய்யுங்கள். தண்ணீர் உள்ளே வரும் குழாயைக் கழற்றினால் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு வலை இருக்கும். தண்ணீர் மெல்ல ஏறுகிறது என்றால் பாதி நேரம் குற்றவாளி அதுதான். பல் துலக்கும் பழைய பிரஷ் போதும்.

மெஷினுக்கு முன்னால் மாட்டும் சின்ன ஃபில்டர்களில் பாலிபாஸ்பேட் உருண்டைகள் இருக்கும். அவை கடினத்தன்மையை எடுப்பதில்லை, சுண்ணாம்பை ஒட்டவிடாமல் பிடித்துவைக்கும். நடுத்தரக் கடின நீருக்குப் பயன் உண்டு. உருண்டை கரைந்ததும் நிரப்ப வேண்டும், அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. குழாயைச் சுற்றிக் காந்தம் மாட்டினால் சரியாகிவிடும் என்று விற்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மாட்டிய பிறகு அளந்தாலும் கடினத்தன்மை அதேதான்.

மற்றவை சுருக்கமாக

கெட்டில்: அரை லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு, வெதுவெதுப்பாக்கி அணைத்து, அரைமணி ஊறவிட்டுக் கழுவுங்கள். ஸ்டீம் அயர்ன் பாக்ஸ்: டிஸ்டில்டு வாட்டரோ, கையேடு அனுமதிக்கும் மென்னீரோ. இன்வெர்ட்டர் பேட்டரி: டிஸ்டில்டு வாட்டர் தவிர எதுவும் கூடாது, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் கூடாது. ஏர் கூலர்: தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு அடியில் அடர்த்தியாகும். மேலே மேலே ஊற்றாமல் மூன்று நாளுக்கு ஒருமுறை முழுக்கக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். ஷவர் தலை: வினிகர் நிரம்பிய பாலித்தீன் பையை அதில் கட்டி இரவு விடுங்கள்.

சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்குபவர்கள் கவனம். கடின நீரை நேரடியாகக் குழாய்களுக்குள் விடும் வகையில் இரண்டு மூன்று வருடத்தில் அடைப்பு வரும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள வகை கேளுங்கள், விலை கூடுதல்தான்.

ஆர்.ஓ. என்பது குடிக்க மட்டும். டிடிஎஸ் 500க்குக் கீழே இருந்து ஆய்வக அறிக்கையில் வேறு குறை இல்லை என்றால் ஆர்.ஓ.வே வேண்டாம். அது ஒதுக்கித் தள்ளும் தண்ணீரில் கடினத்தன்மை இன்னும் அடர்த்தி, அதைக் கழிப்பறைக்கு ஊற்றலாம்.

தரையில் ஊற்றிவிடாதீர்கள்

இதைத் தனியாகவே எழுத வேண்டும். வினிகர், எலுமிச்சை உப்பு, கடையில் விற்கும் ஆசிட் எல்லாம் சுண்ணாம்பைக் கரைப்பவை. நீங்கள் நிற்கும் ஆத்தங்குடிக் கல் சிமென்ட். கண்ணாடியின் மேல் வார்த்துக் கையால் வண்ணம் ஊற்றிச் செய்தது. அதன் பளபளப்பு அமிலம் பட்ட இடத்தில் மங்கும், திரும்ப வராது. இத்தாலியப் பளிங்கும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் அப்படியே. குழாயைத் துடைக்கும்போது கீழே ஒரு பழைய துண்டை விரியுங்கள், வாளியை முற்றத்துக் கல்லில் வைத்துக் கவிழ்க்காதீர்கள். அந்தத் தரையைத் துடைக்கவும் போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளைப் படலம் விழும். மென்னீரில் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை தேய்த்தால் போதும்.

பித்தளை அண்டா, செப்புக் குடத்துக்குப் புளிதான் சரி. நேரம் அதிகம் ஊறவிடாமல் தேய்த்து உடனே கழுவிவிடுங்கள்.

அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். வினிகராக இருந்தாலும் சரி. குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கழிப்பறை ஆசிட்டைக் கீசருக்கோ மெஷினுக்கோ யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். எஃகைத் துளைத்துவிடும்.

சாஃப்ட்னர் (தண்ணீரை மென்மையாக்கும் கருவி) வைக்கலாமா?

ஊர்க்குழாயும் கடினம், போரும் கடினம் என்ற வீட்டுக்கு அதுதான் வழி. உள்ளே ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிக்க வேண்டும். நாளுக்கு 500 லிட்டர், கடினத்தன்மை 400 என்றால், 20 லிட்டர் ரெசின் தோராயமாக ஐந்து நாள் தாங்கும், ஒவ்வொரு முறையும் இரண்டரைக் கிலோ அளவுக்கு உப்பு கேட்கும். உப்பு தூக்க ஆள் இருக்கிறதா என்று யோசித்து வாங்குங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது.

கடினத்தன்மை 100 குறைந்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் கூடும். ஆகவே சமையலறைக் குடிநீர்க் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுங்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயமாக. புதுப்பித்த பிறகு வரும் உப்புக் கழிவு வாழைக்கும் தென்னைக்கும் போகக் கூடாது. உங்கள் தெருச் சாக்கடை ஊருணிப் பக்கம் இறங்குகிறதா என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு அதைத் திறந்துவிடுங்கள்.

ஐப்பசிக்கு முன்பு

நான்காவது தண்ணீர் மழை. கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லாதது, காசும் இல்லாதது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர் விழும். ஒரே நாளில் 30 மில்லிமீட்டர் பெய்தால், சேதாரம் போக இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் கைக்கு வரும். அது உங்கள் கீசருக்கும் சமையலறைக்கும் மெஷினுக்கும் பத்து நாள். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003ல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் குழாயை மண்ணுக்குள் விட்டதோடு நின்றுவிட்டது. நிலத்தில் இறக்குவது நல்லதே, அதற்கு முன் ஒரு தொட்டி நிறையப் பிடித்துக்கொள்ளலாம்.

முற்றம் உள்ள வீடு கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நாலு பக்க ஓடும் உள்நோக்கிச் சரிந்து, தண்ணீர் தானாகவே நடுவில் வந்து விழும்படிதான் கட்டியிருக்கிறார்கள். புரட்டாசியிலேயே ஓட்டின் மேல் உள்ள சருகைக் கூட்டி, தகரத் தூம்புகளைக் கழுவுங்கள். முதல் மழையையும், ஒவ்வொரு மழையின் முதல் பதினைந்து நிமிடத்தையும் விட்டுவிடுங்கள். பிறகு தூம்பின் வாயில் வெள்ளை வேட்டித் துணியை நான்காக மடித்துக் கட்டி, மூடியுள்ள தொட்டிக்குத் திருப்புங்கள். கொசு போகாமல் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். குடிப்பதென்றால் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கீசருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் கொதிக்க வைக்க வேண்டியதில்லை, வடிகட்டினால் சரி.

கீசரின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, இணைத்த தேதி, தண்ணீரின் கடினத்தன்மை எண், கடைசியாக அனோட் மாற்றிய மாதம் மூன்றையும் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்து சர்வீஸுக்கு வருபவர் வேறு ஆளாக இருப்பார், வீட்டில் அன்றைக்கு நீங்களும் இல்லாமல் இருக்கலாம்.